கன்னம் பதிந்த சுவர்

வீட்டுக்குள் அவன் கண்ணால் நடப்பதைவிடக் கையால் நடப்பதுதான் அதிகம். பெயின்ட் மேஸ்திரி. பகல் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சுவரைத் தடவித் தடவி மேடு பள்ளம் பார்த்த கை, சொந்த வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகும் குறுகலான நடையில், வலப்பக்கச் சுவர்மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே இழுத்துக்கொண்டு போவான். அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது இழுத்த கையில் ஏதோ தட்டுப்பட்டது.

பட்டாணி அளவுக்கு ஒரு மேடு.

சுவரில் மேடு வருவது உலக அதிசயம் இல்லை. ஆனால் இது அவனே பட்டி மாவு பூசி இழைத்த சுவர். வேலையிடத்தில் அவனுக்குக் கண்ணாடி மேஸ்திரி என்று பெயர். அவன் இழைத்த சுவரில் ஈ உட்கார்ந்தாலும் வழுக்கி விழும் என்று கிண்டல் செய்வார்கள், அதைக் கேட்டு உள்ளூர மகிழ்ந்துபோவான். அப்படிப்பட்டவனின் வீட்டுச் சுவரில் மேடா? விரலால் அழுத்திப் பார்த்தான். ஈரத்தில் ஊதிய பட்டியாக இருந்தால் மொறுக்கென்று உடைந்திருக்கும். இது உடையவில்லை. விரலுக்கு அடியில் வழுக்கிச் சற்றுத் தள்ளிப் போனது, விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

"ஈரம்தான்," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். சொன்னதை அவனே நம்பவில்லை.

அந்தச் சுவருக்கு ஒரு கதை உண்டு. கல்யாணமான புதிதில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, முதல் வேலையாக நடைச்சுவருக்குத்தான் பட்டி இழுத்தான். கடைசி இழுப்பு முடிந்து ஈரம் காயாமல் இருந்தபோது, பின்னாலிருந்து வந்த மனைவி, "எவ்வளவு குளுகுளுன்னு இருக்கு பாருங்க," என்று வலக்கன்னத்தைச் சுவரில் வைத்தாள். வைத்தவள் சும்மா இருக்கவில்லை. முகத்தைத் திருப்பி நெற்றி, மூக்கு, வாய் எல்லாவற்றையும் ஒத்தி எடுத்துவிட்டு, மாவு பூசிய முகத்தோடு கைகொட்டிச் சிரித்தாள். அவனுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கோபம் அவள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. பட்டி இழுக்கும் தகட்டை எடுத்து, பதிந்திருந்த முகத்தின்மேல் ஒரே இழுப்பில் மூடினான். அதற்கப்புறம் அந்தச் சுவரில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

அன்று சாயங்காலம் அவன் முகம் கழுவிவிட்டு வந்தபோது மனைவி கண்ணாடிமுன் நின்று தலைவாரிக்கொண்டிருந்தாள். நர்சரிப் பள்ளியில் டீச்சர். பிள்ளைகளோடு பகல் முழுக்கக் கத்திவிட்டு வந்தாலும் வீட்டில் அவள் வாய் ஓயாது. அன்று பள்ளிக்கூடக் கதை எதையும் எடுக்காமல் கழுத்தைச் சாய்த்துக் காட்டினாள்.

"என்னங்க, இங்க கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன். எனக்கு மட்டும்தான் இப்படித் தெரியுதா?"

வலப்பக்கத் தாடைக்குக் கீழே. தொட்டான். பட்டாணி அளவு. விரலுக்கு அடியில் வழுக்கிச் சற்றுத் தள்ளிப் போனது. விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

"ஒன்னுமில்லம்மா," என்றான். தொட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

பயப்படாமல் என்ன செய்வான்? அவனுடைய அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அக்குளில் ஒரு கட்டி. சூட்டுக் கட்டி என்று ஒருத்தர், தானாக அமுங்கிவிடும் என்று இன்னொருத்தர். ஆளுக்கு ஒன்று சொல்லி, ஆளுக்கு ஒன்றைப் பூசினார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அன்று, காலி பெயின்ட் டப்பா கனம்தான் இருந்தாள் அக்கா. அவளை இறக்கி வைத்த கையில் அந்தக் கனமின்மை இன்னும் இருக்கிறது.

மறுநாளே டாக்டரிடம் போனார்கள். நடுவயது அம்மா, அவசரமில்லாத விரல்கள். கட்டியை நான்கு பக்கமும் தொட்டுப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையும் தொண்டையையும் பார்த்தார்.

"தோலுக்கு அடியில கட்டின்னு வந்தா எல்லாரும் முதல்ல அதைத்தான் நினைச்சுக்கிறாங்க," என்றார், அவன் முகத்தைப் பார்த்து. "முக்கால்வாசி அது இல்ல. வெறும் கொழுப்புக் கட்டியா இருக்கலாம். நீர்க்கட்டியா இருக்கலாம். பல்லுலயோ தொண்டையிலயோ கிருமி இருந்தா நெறி கட்டும். சீழ் கட்டினா சிவந்து, சூடா, தொட முடியாம வலிக்கும். இவங்களுக்கு அப்படி இல்ல. மெத்துனு இருக்கு, நகருது. நல்ல அறிகுறிதான்."

"அப்ப ஏன் டாக்டர் சோதனை எல்லாம்?"

"கையால பாத்தே முடிவு பண்ணிட முடியாதே. ஸ்கேன் எடுப்போம். ஊசி வச்சு துளி எடுத்து அனுப்புவோம். கொழுப்புக் கட்டின்னா தொந்தரவு இல்லாத வரைக்கும் அப்படியே விட்டுடலாம். நீர்க்கட்டின்னா, வேணும்னா பையோட சேர்த்து எடுத்துடலாம், சின்ன ஆபரேஷன். நெறின்னா எதனால கட்டுச்சோ அதுக்கு மருந்து. வேற எதுவா இருந்தாலும் இப்பவே வந்திருக்கீங்க, வழி இருக்கு." எழுதிக்கொண்டே சொன்னார்: "ஒன்னே ஒன்னு. அமுக்கக் கூடாது, பிதுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்கணும். முடியுமா?"

கேள்வி மனைவிக்கு. தலையாட்டியது அவன்.

ஊசி வைத்து எடுத்து அனுப்பியாகிவிட்டது. முடிவு வந்ததும் ஃபோன் செய்வோம் என்றார்கள். காத்திருப்பதைப்போல ஒரு கொடுமை கிடையாது. சாப்பாடு இறங்கவில்லை. ஃபோனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்ததில், சாரத்தில் நின்றவன் ஒருமுறை கால் தவறி விழப் பார்த்தான். அவனைவிட அவள்தான் தைரியமாக இருந்தாள், அல்லது இருப்பதாகக் காட்டிக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் பட்டி பாக்குறீங்க. எனக்கு ஒரு இழுப்பு இழுத்தா என்னவாம்? சமமாயிடும்ல?"

"வாயை மூடு," என்றான். அவள் சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை.

இதற்கிடையில் நடைச்சுவர் மேடு வளர்ந்துகொண்டிருந்தது. பட்டாணி இப்போது நெல்லிக்காய். அவள் கழுத்திலும் அப்படியே. அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? சுவரைக் கடக்கும்போதெல்லாம் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். இத்தனை வருடப் பழக்கம் விடுமா? பைக்குள் இருந்த கை தானாக வெளியே வந்து மேட்டைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. மறுபக்கம் படுக்கையறை, வெயில் விழாத சுவர், தண்ணீர்க் குழாய் எதுவும் ஓடவில்லை. பிறகு எங்கிருந்து சூடு?

ஒரு காலை, அவள் பள்ளிக்குப் போனபிறகு, உப்புத்தாளை எடுத்து அந்த மேட்டை இரண்டே இரண்டு தேய்ப்புத் தேய்த்தான்.  மேட்டைப் பார்த்தால் தேய்க்கிற கை அது. உதிர்ந்த தூள் வெள்ளையாக இல்லை, லேசாக மஞ்சள் ஓடி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தான். வியர்வையில் நனைந்த முகப்பவுடர் வாசனை. அவன் மனைவியின் கழுத்து வாசனை.

சாயங்காலம் அவள் வந்ததும் வராததுமாய், "என்னங்க, கட்டி கொஞ்சம் வத்தின மாதிரி இல்ல?" என்றாள். வற்றித்தான் இருந்தது. "ஆனா காலையில வகுப்புல இருக்கும்போது ஒரு எரிச்சல். யாரோ தேச்சு விட்ட மாதிரி."

அவன் குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அழுதான். பயத்தில் பாதி. மீதிப் பாதி சந்தோஷம், அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. அக்காவுக்கு எதுவும் செய்ய முடியாத கைக்கு இப்போது செய்வதற்கு ஒன்று கிடைத்திருந்தது.

வேலையிடத்தில் ஏணி என்று ஒருவன் உண்டு. ஏணி இல்லாமலே மேல்கூரைக்குப் பிரைமர் அடித்துவிடுவான், அவ்வளவு உயரம். அவனிடம் மட்டும், வீட்டுச் சுவரில் மேடு வந்து வந்து போகிறது என்று பொதுவாகச் சொன்னான்.

"தேச்சியா?"

"தேச்சேன்."

"உனக்கே தெரியும் மேஸ்திரி. உள்ள என்னன்னு தெரியாம மேல தேச்சு மூடினா, அது பக்கத்துல போய்க் கிளம்பும். அப்புறம் ஒட்டு ஒட்டாப் போட்டா அசிங்கமா தெரியும். ஒன்னு, அப்படியே விடு. இல்ல, முழுச் சுவரையும் இழு."

இது அவனே ஏணிக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

முடிவு வரும் என்று சொல்லியிருந்த நாளில் அவன் வேலைக்குப் போகவில்லை. அவளும் லீவு போட்டிருந்தாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அயர்ந்துவிட்டாள். வற்றிய கட்டி மறுபடியும் வளர்ந்து எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது, தலையணையில் ஒருக்களித்துப் படுக்கக்கூட முடியாமல் மல்லாந்து கிடந்தாள். படுக்கையறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு நடைக்கு வந்தான். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. எங்கோ ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம், அதற்கும் அப்பால் நாய் ஒன்று சலிப்போடு குரைத்து ஓய்ந்தது. நடையில் அரையிருட்டு. சுவரில் மேடு எலுமிச்சையாகத் துருத்திக்கொண்டு, அதன்மேல் ஒரு நரம்பு துடிப்பதுபோல ஏதோ துடித்தது. அல்லது அவன் கண் துடித்தது.

ஃபோன் எந்த நேரமும் வரலாம். வந்து, என்ன சொல்லும்? அக்காவுக்குச் சொன்னதைச் சொன்னால்? அதற்கு முன்னால் கட்டியே இல்லாமல் செய்துவிட்டால், எதைப் பற்றிச் சொல்வார்கள்? இது முட்டாள்தனம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. உயிர் ஊசலாடும்போது புத்தி எந்த மூலையில் நிற்கும்? உப்புத்தாளை எடுத்தான்.

மெதுவாகத்தான் தேய்த்தான். வட்ட வட்டமாக, அழுத்தாமல், தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. மேடு கரைந்தது. பவுடர் வாசனை நடை முழுக்கப் பரவி, மூக்கில் ஏறி, நாக்கில் உப்புக் கரித்தது. கை சமதளத்தைத் தொட்டதும் தாளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தைத் தொட்டான்.

இல்லை.

திரும்பத் தடவினான். கட்டி இருந்த இடமே தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு, கடவுளே கடவுளே என்று முணுமுணுத்தான். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவளை எழுப்பிச் சொல்லத் தோன்றியது. வேண்டாம், தூங்கட்டும். பாவம், எத்தனை இரவு தூங்காமல் கிடந்தாள்.

நடைக்கு வந்தவன், சுவரைச் சரிபார்க்க விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தான். பட்டிக்காரனின் வழக்கம் அது. நேர் வெளிச்சத்தில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் குற்றம் குறை எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும்.

நின்றன.

தேய்த்த இடம் தனியாக ஒட்டுப்போட்ட மாதிரி தெரிந்தது. அதற்கு மேலே, இதுவரை இல்லாத குறைகள். அக்கம்பக்கமாக இரண்டு பள்ளம். இரண்டுக்கும் நடுவிலிருந்து கீழே இறங்கும் ஒரு நீள மேடு. மேட்டின் அடியில் இரண்டு ஊசித்துளை. அதற்கும் கீழே, குறுக்காக ஒரு வெடிப்பு.

பக்கத்தில் போய்க் கிளம்பும் என்று ஏணி சொன்னானே. கிளம்பிவிட்டது. இவற்றில் எது நாளைக்கு மறுபடியும் கட்டியாகும்? எதை விடுவது? ஒட்டுப் போட்டால் போதாது. முழுச் சுவரையும் இழுக்க வேண்டும்.

மனசின் ஏதோ ஒரு மூலையில், மாவு பூசிய முகத்தோடு ஒருத்தி கைகொட்டிச் சிரித்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கை நின்றுவிடும். நின்றால் கட்டி வந்துவிடும்.

சட்டியில் பட்டி கரைத்தான். முதலில் பள்ளங்கள். தகட்டால் அள்ளி, அழுத்தி, இழுத்தான். பள்ளத்துக்குள் என்னவோ படபடவென்று அடித்துக்கொண்டது. சிக்கிய பூச்சியாக இருக்கும். இன்னொரு இழுப்பு. அடங்கியது. படுக்கையறையில் கட்டில் கிரீச்சிட்டது. புரண்டு படுக்கிறாள்.

அடுத்து நீள மேடு. தகட்டின் விளிம்பால் சீவினான். சுலபமாக வந்தது, மெல்லிய சுருளாக.

அடுத்து வெடிப்பு. அதுதான் படுத்தியது. பட்டியை வைத்தால் உள்ளிருந்து சூடாகக் காற்று வந்து தள்ளியது. மணிக்கட்டில் பட்டது. வெடிப்பென்றால் காற்று வரத்தான் செய்யும். மறுபடியும் வைத்தான். மறுபடியும் தள்ளியது. காற்றோடு ஒரு சத்தம். "ங்" என்று. பக்கத்து வீட்டு ரேடியோ. கட்டைவிரலால் திணித்து, தகட்டை வைத்து, உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்து இழுத்தான். நின்றது.

மேசைவிசிறியைத் திருப்பிக் காயவிட்டான். படுக்கையறையில் தொப் தொப்பென்று ஏதோ மெத்தையில் அடிபட்டது. குதிகால் மாதிரி. கனவு காண்கிறாள். அவளுக்குக் கெட்ட கனவுகள் வரும். உப்புத்தாளை எடுத்தான். கண்ணில் நீர் கொட்டியது, தூசு என்று துடைத்துக்கொண்டான். தேய்த்தான். தேய்த்தான். கூரையிலிருந்து தரைவரை ஒரே தளம்.

பாக்கி, இரண்டு ஊசித்துளை. அவற்றை எப்போதும் கடைசியில்தான் அடைப்பான், விரல்நுனியால், துளி பட்டி வைத்து. ஒன்றை அடைத்தான். இன்னொன்றில் வைத்து வழித்தபோது சட்டைப்பையில் ஃபோன் அடித்தது.

"வீட்டுக்காரர்தானே? டாக்டர் பேசறேன். நல்ல செய்தி, அதான் நானே கூப்பிட்டேன். சாதாரண கொழுப்புக் கட்டி. பயப்பட ஒன்னும் இல்ல. எதுவும் பண்ண வேண்டாம். அப்படியே விட்டுடுங்க. கேக்குதா? தொடாம அப்படியே விட்டுடுங்க."

"சரிங்க டாக்டர்," என்றான். சிரித்தான். சிரித்துக்கொண்டே, "என்னம்மா, கேட்டியா," என்று கதவைத் தள்ளினான்.

அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் கேட்ட பக்கம் திரும்பினாள். தலைமுடி அவளுடையது, கழுத்து அவளுடையது. நடுவில், நெற்றியிலிருந்து தாடைவரை, ஒரு சுருக்கமும் இல்லாமல், ஒரே தளம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. நிழலே விழவில்லை. வாய் இருந்த இடத்தில் தோல் உள்ளே குழிந்து விறைத்தது. வெளியே புடைத்தது. மறுபடியும் குழிந்தது.

ஓடினான். தகட்டை எடுத்தான். சுவருக்கு முன்னால் நின்றான்.

எங்கே இருந்தது வெடிப்பு? இங்கேயா? இன்னும் மேலேயா? கீறினால் எங்கே கீறுவது, கண்ணிலா? விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தான். ஒன்றும் இல்லை. தகட்டைக் கீழே போட்டுவிட்டு உள்ளங்கையை வைத்துத் தடவினான். இத்தனை வருடமாகத் தலைமுடி கனத்துக்கு மேடு இருந்தாலும் கண்டுபிடிக்கிற கை. ஓரம் இல்லை. சேர்ப்பு இல்லை. அவன் வாழ்நாளில் இவ்வளவு நல்ல சுவர் இழைத்ததில்லை.

பின்னால் வெறுங்கால்கள் தரையில் உரசும் சத்தம். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். அவள் தோள் அவன் தோளில் இடித்தது. மூச்சுச் சத்தம் இல்லாத நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. அவளும் உள்ளங்கையை அவன் கைக்குப் பக்கத்தில் சுவரில் வைத்தாள். தடவினாள். அவன் மேலே தேடினான், அவள் கீழே தேடினாள். வேகமாக. பிறகு அவள் கை மட்டும் மெதுவாக.

யார் கையிலும் எதுவும் தட்டுப்படவில்லை.